பெரியவருக்கு ஒரு படிவம்

மூன்றாவது எடிட்டராகத்தான் அவள் அந்தப் படத்துக்குள் வந்தாள். முதல் ஆள் வேறு படம் கிடைத்துப் போய்விட்டார். இரண்டாம் ஆள் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்துவிட்டார். அதனால் தயாரிப்பாளர் போனில் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, "உங்களுக்கு முதுகு எப்படி இருக்கும்மா?" என்பதுதான்.

"இருக்கு சார்" என்றாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்தொரு வருடமாக இதே வேலை. எடிட்டிங் அறை மூன்றாம் மாடியில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இருந்தது. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். கீழே பல் குடையும் மெஷின் ஓடினால் அந்தச் சத்தம் சுவர் வழியாக ஏறி வரும். சோகக் காட்சிகளை அந்த நேரத்தில் அவள் தொடமாட்டாள்.

படம் ஒரு மிருகத்தைப் பற்றியது. ஒரு நாள் காலையில் அது ஊர் ஏரியிலிருந்து எழுந்து வந்து நாற்சந்தி நடுவே உட்கார்ந்துகொள்கிறது. யாரையும் கடிப்பதில்லை, மிதிப்பதில்லை. உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அது எந்த இலாகாவின் பொறுப்பு என்று அதிகாரிகள் கூடிப் பேசுகிறார்கள். ஏரியிலிருந்து வந்ததால் நீர்வளத் துறை என்கிறார் போக்குவரத்து அதிகாரி. ரோட்டில் இருப்பதால் போக்குவரத்து என்கிறார் நீர்வளத்து அதிகாரி. ஒரு கமிட்டி போடுகிறார்கள். அதை மேற்பார்வை பார்க்க இன்னொரு கமிட்டி. அதற்குள் பஸ்கள் சுற்றிப் போகப் பழகிவிடுகின்றன. வாலின் நிழலில் ஒருவர் குடை ரிப்பேர் கடை போடுகிறார். மிருகம் என்று சொல்லப் பயந்து எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்கிறார்கள். கடைசியில் ஒரு நாள் பெரியவர் தானாகவே எழுந்து ஏரிக்குப் போய்விடுகிறார். நாற்சந்தி காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் பஸ்கள் சுற்றிக்கொண்டேதான் போகின்றன. எழுதிய கதை அங்கே முடிந்தது.

எழுதியவர்தான் இயக்குநர். முப்பத்தெட்டு வயது. ஒன்பது வருடம் மற்றவர்களின் படங்களில் உதவி இயக்குநராக ஓடி, அந்த ஓட்டத்துக்கு நடுவே இதை எழுதியிருந்தார். நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் முதலில் "சரி" என்பார். யோசிப்பது அதற்குப் பிறகுதான். யூனிட்டில் அவருக்கு 'சரி சார்' என்று பேர் விழுந்திருந்தது. அது அவருக்கும் தெரியும். அதற்கும் சரி என்று விட்டிருந்தார்.

வந்த முதல் மூன்று நாளும் அவள் எதையும் வெட்டவில்லை. எடுத்து வைத்திருந்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்தாள். மிருகத்தைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள். அது சரியாக வரவில்லை. ஈரத் தரையில் வழுக்கிவிடுமோ என்று பயந்து நடக்கிறவரைப் போல நடந்தது. பரவாயில்லை, உட்கார்ந்திருக்கிற மிருகம்தானே என்று குறிப்பு எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் நாற்பத்திரண்டாவது காட்சிக்கு வந்தாள்.

ஆறு மாதம் ஒரே இடத்தில் இருந்தவர் அந்த வார்டின் நிரந்தரவாசி என்று ஒரு விதி. ஆகவே பெரியவரைப் பதிவு செய்ய ஒரு கிளார்க் வருகிறார். மடக்கு நாற்காலியை விரித்து, மிருகத்தின் முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து, படிவத்தை அட்டையில் செருகிக்கொள்கிறார்.

"பேரு?"

மிருகம் மூச்சு விடுகிறது. அவருடைய தலைமுடி பறந்து அடங்குகிறது. 'பெரியவர்' என்று எழுதிக்கொள்கிறார்.

"அப்பா பேரு?" மறுபடி மூச்சு. "சரி, அப்புறமா சொல்லுங்க. தொழில்?" தலை முதல் வால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, 'உட்கார்ந்திருத்தல்' என்று எழுதுகிறார். பையில் கார்பன் பேப்பரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, "அங்க அடையாளம். ரெண்டுதான் எழுத இடம் இருக்கு" என்கிறார். மிருகத்துக்கு நெற்றியில் பதினாறு கொம்பு, முதுகெல்லாம் முள், வாயில் மூன்று வரிசைப் பல். கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நிதானமாகப் பார்க்கிறார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டே சொல்கிறார்: "வலது காதுக்குக் கீழ ஒரு மச்சம்."

அவள் சிரித்துவிட்டாள். தனி அறையில், ஹெட்போனோடு. வேலை நேரத்தில் அவள் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

காட்சி அதோடு முடியவில்லை. கையெழுத்து போட வேண்டிய இடத்தைக் காட்டி கிளார்க் பேனாவை நீட்டுகிறார். நீட்டியபடியே இருக்கிறார். யாரும் வாங்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, படிவத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்கிறார்: "நானும் முப்பத்தொரு வருஷமா ஒரே இடத்துலதான் உக்காந்திருக்கேன். என்னைப் பத்தி யாரும் ஒரு கமிட்டி போடல."

மிருகத்தின் கண் மூடித் திறக்கிறது. அவ்வளவுதான். அவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு போகிறார்.

அந்த ஒரு காட்சிக்காக ரப்பரில் ஒரு தலையைச் செய்திருந்தார்கள், வேன் அளவுக்கு. உள்ளே ஒரு ஆள் குந்தியிருந்து சைக்கிள் பிரேக் பிடியை அழுத்தி இமையை மூடித் திறந்திருக்கிறார். கிளார்க்காக நடித்தவர் சினிமாக்காரர் அல்ல. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். விடுமுறை நாட்களில் மேடை நாடகம் போடுவார். காட்சி மொத்தம் ஏழு நிமிடம் பத்து வினாடி.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேஜை முன்னால் அதைக் கணவருக்கு நடித்தே காட்டினாள். அவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். பொதுவாகச் சினிமாவில் தூங்கிவிடுவார். மச்சம் வந்த இடத்தில் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் படத்துக்கு நான் முழிச்சிருப்பேன்" என்றார்.

இரண்டு மாதத்தில் ஒரு முழு வடிவம் தயாரானது. இரண்டே கால் மணி நேரம். சில இடங்களில் தொய்வு இருந்தது. ஆனால் படத்துக்கு ஒரு முகம் இருந்தது. தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்து, சிரித்த அன்றே படத்துக்கு ஒப்புக்கொண்டவர். இப்போதும் சிரித்தார். அவருடைய மச்சினனும் கூடவே உட்கார்ந்து சிரித்தார்.

விளக்கு போட்டதும் மச்சினன் தொண்டையைச் செருமினார். "எனக்கு நல்லாப் புரிஞ்சுது. நான் ரசிச்சுத்தான் பார்த்தேன். ஆனா சாதாரண ஜனங்களுக்கு இது புரியுமா மாமா?"

அந்தக் கேள்வி அங்கே முளைத்தது, பிறகு அடங்கவே இல்லை. அடுத்த வாரம் வந்த விநியோகஸ்தருக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியுமா என்றார். அதற்கடுத்த வாரம் தொட்டி டீலர்கள் இருபத்திரண்டு பேர் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்துக் கருத்து எழுதச் சொல்லியிருந்தார் தயாரிப்பாளர். அத்தனை தாளையும் அவள் படித்தாள். எல்லோருக்கும் புரிந்திருந்தது. எல்லோரும் அடுத்தவரை நினைத்துக் கவலைப்பட்டிருந்தார்கள். அந்த அடுத்தவர் யார் என்று கடைசி வரைக்கும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரே ஒரு தாளில் யாரோ ஒரு அம்மா இப்படி எழுதியிருந்தார்: 'மிருகம் சும்மாவே இருக்கிறது. சண்டை எப்போது?' தயாரிப்பாளர் அதன் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தார்.

சண்டை எடுத்தார்கள். பதினொரு நாள். கதையில் மிருகத்தைப் பார்த்து விசில் ஊதிவிட்டுப் போகிற ஒரு போக்குவரத்துக் காவலர் இருந்தார். அவரை ஹீரோவாக்கினார்கள். அவர் தீவட்டியோடு மிருகத்தின் முதுகில் ஏறினார். மிருகம் எழுந்து, வழுக்குகிற நடையோடு நாலு கட்டடத்தை இடித்துவிட்டு எரிந்து போனது.

"அப்ப கடைசியில பஸ் சுத்திப் போறது?" என்று இயக்குநரிடம் கேட்டாள்.

"அது எரிஞ்சு போச்சுன்னா பஸ் நேரா போகணும்லக்கா" என்றார் அவர். சொல்லிவிட்டு, தான் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சண்டை இருபத்தைந்து நிமிடம் ஆனதால் மற்றதையெல்லாம் சுருக்க வேண்டியிருந்தது. அதிகாரிகள் கூட்டம் மூன்று இருந்தது, ஒன்றானது. குடை ரிப்பேர்க்காரர் காணாமல் போனார். ஏழு நிமிடம் பத்து வினாடி இருந்த கிளார்க் காட்சி ஐந்தரை ஆகி, மூன்றே முக்கால் ஆகி, ஒன்று ஐம்பதில் வந்து நின்றது. பேர், தொழில், மச்சம், அவ்வளவுதான். மச்சம் என்றதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். அப்போதுதான் அது நகைச்சுவை என்று ஜனங்களுக்குத் தெரியும் என்றார் மச்சினன்.

இத்தனையையும் அவள் செய்து கொடுத்தாள். முதல் முறை வெட்டியபோது வாதாடினாள். இரண்டாம் முறை குறிப்பு எழுதி அனுப்பினாள். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்திரியைப் பிய்ப்பதுபோல வேகமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை வந்தது. திங்கட்கிழமை இசைச் சேர்ப்பு தொடங்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு இயக்குநர் காகிதக் கப்பில் இரண்டு டீயோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே பல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்த கிளார்க் சீனை மட்டும் முழுசா வெச்சுடலாமா? முதல்ல நீங்க வெட்டி வெச்ச மாதிரியே, ஏழு நிமிஷமும். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். நீங்க சொல்லுங்க, வெக்கலாமா?"

அவர் இவ்வளவு நீளமாகச் 'சரி' இல்லாமல் பேசி அவள் கேட்டதே இல்லை.

அவள் திரையைப் பார்த்தாள். அதைத் திரும்ப வைத்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நகரும். இசைக்குக் கொடுத்த நேரக்கணக்கெல்லாம் மாறும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இந்த நாற்காலியிலேயே போகும். அந்தக் காட்சியை அவள் இருநூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பாள். அது வேடிக்கையாக இருக்கிறதா என்பதே இப்போது அவளுக்குத் தெரியவில்லை. மச்சம் என்று கிளார்க் சொன்னால், மச்சம் என்று காதில் விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே வலியாக இருந்தது.

"இப்ப இருக்கறதே போதும்" என்றாள்.

"போதுமாக்கா?"

"சீன் நல்ல சீன்தான். ஆனா இப்ப இருக்கற படத்துல அது மட்டும் தனியா நிக்கும்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்னது அவளுடைய முதுகுதான்.

"சரி" என்றார் இயக்குநர். டீயைக் குடித்து முடித்து, இரண்டு கப்பையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எடுத்துக்கொண்டு போனார். வேண்டும் என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும் என்றுதான் அவர் மூன்று மாடி ஏறி வந்தார் என்பது அவளுக்கு அவர் கதவைச் சாத்திய பிறகு தெரிந்தது. எழுந்து போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுவாரம் குரல் பதிவுக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் வந்திருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல். ஃபைலுக்குள் அவருடைய வசனம் நான்கு பக்கம், பென்சிலில் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தார். மைக் முன்னால் நின்று மூன்று வரி பேசியதும் திரை வேறு காட்சிக்குப் போய்விட்டது.

"மீதி?" என்று சவுண்ட் என்ஜினியரிடம் கேட்டார்.

"இவ்வளவுதாங்க சார்."

அவர் ஃபைலை மூடினார். வெளியே வரும்போது வராந்தாவில் அவளைப் பார்த்துவிட்டு நின்றார். "ஏங்க, நான் சரியாப் பண்ணலையா?"

"நல்லாப் பண்ணீங்க சார். படம் நீளமாயிடுச்சு. அதான்."

"நீளம்னா சரி" என்றார். ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கணவரோடு போனாள். அரங்கில் மூன்றில் ஒரு பங்கு ஆள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, சொன்னபடியே விழித்திருந்தார். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் ஆனதும் அவள் பக்கம் சாய்ந்து, "அந்த ஃபாரம் எழுதற சீன் எப்ப வரும்?" என்றார்.

"வந்துட்டுப் போயிடுச்சு."

"எப்ப?"

"டொய்ங்னு ஒரு சத்தம் வந்துதே. அப்ப."

திரையில் காவலர் தீவட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துக் கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தாள்.

விமர்சனங்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. 'நல்ல கரு, எட்டியிருக்க வேண்டிய உயரத்தில் பாதிகூட ஏறவில்லை' என்று ஒருவர். 'அரசாங்க அலுவலகத்தைக் கிண்டல் செய்யப் போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். மிருகத்தைக் கொளுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்' என்று இன்னொருவர். மூன்றாமவர் இப்படிக் கேட்டிருந்தார்: 'படிவத்தோடு ஒரு கிளார்க் வருகிறார். அவர் முகத்தில் ஒரு முழுக் கதை இருக்கிறது. அவரை ஏன் அவ்வளவு அவசரமாக அனுப்பிவிட்டார்கள்?'

தயாரிப்பாளர் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. "பார்த்தீங்களாம்மா, என்ன எழுதியிருக்காங்கன்னு?"

"புரியலைன்னு எழுதியிருக்காங்களா சார்?"

"இல்லம்மா. கிண்டல் பத்தலையாம்." தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "நாமதான் எடுத்துட்டோம், இல்ல?"

"ஆமா சார்."

போனை வைத்த பிறகு அந்த 'நாம' அவளை உறுத்தியது. வசதியான வார்த்தை. எத்தனை பேர் வேண்டுமானாலும் அதில் இடிக்காமல் உட்காரலாம். மச்சினன், விநியோகஸ்தர், இருபத்திரண்டு டீலர், எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆனால் வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்த அறையில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் வைக்கலாமா என்று கேட்டார்.

படத்தின் ஹார்டு டிஸ்குகளைத் தயாரிப்பாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் காலையில் அவள் பழைய கோப்பைத் தேடி எடுத்து, நாற்பத்திரண்டாவது காட்சியை ஏழு நிமிடம் பத்து வினாடிக்கு மறுபடி கோத்தாள். முழுக் காட்சிக்கும் குரல் பதிவு செய்யாததால் படப்பிடிப்பில் பிடித்த சத்தம்தான் இருந்தது. பின்னால் ஜெனரேட்டர் முனகிக்கொண்டிருந்தது. அதைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். ஏன் போகிறாள் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜெராக்ஸ் கடை ஒரு அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே இருந்தது. இரண்டு மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர். அவருடைய மனைவி லேமினேஷன் மெஷின் முன்னால் நின்று ஒவ்வொரு அட்டையாகச் செருகிக்கொண்டிருந்தார். வரிசையில் நாலைந்து பேர்.

அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "எடிட்டிங் அம்மாதானே? வாங்க. என்ன, காப்பி எடுக்கணுமா?"

"இல்ல சார். உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

வரிசை குறைந்ததும் மேஜை ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மனைவி மெஷினை விட்டு நகராமல் அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். ஓடத் தொடங்கியதும் கிட்டே வந்துவிட்டார்.

தன்னைத் தானே பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. உதடு மட்டும் வசனத்தைத் தொடர்ந்தது. 'தொழில்' முடிந்து, பையில் கார்பன் பேப்பரைத் தேடுகிற இடம் வந்தபோது தலையை ஆட்டினார்.

"இங்க இழுக்குது."

"ஆமா" என்றாள்.

"ஒரு நிமிஷம் இருக்குமா?"

"அம்பது செகண்ட்."

மச்சம் வந்தது. காத்திருந்தவர்களில் யாரோ பின்னாலிருந்து சிரித்தார். முப்பத்தொரு வருஷம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மிருகத்தின் கண் மூடித் திறந்தது. கிளார்க் நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார். படம் நின்றது.

மனைவிதான் முதலில் பேசினார். "இதையா எடுத்துட்டாங்க? யாரும்மா எடுத்தது?"

"நான்தான்" என்றாள்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சுருக்கச் சொன்னது அவங்க. ஆனா கடைசியில முழுசா வெக்கலாமான்னு டைரக்டர் வந்து என்னைக் கேட்டார். நான்தான் வேண்டாம்னேன். வெச்சா திரும்ப எல்லாத்தையும் மாத்தணும். ரொம்பக் களைப்பா இருந்தேன். அவ்வளவுதான் காரணம்."

கவுன்ட்டரில் ஒருவர் தாளை நீட்டினார். "ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் எழுந்து போனார். மூன்று பிரதி எடுத்தார். விளிம்பைத் தட்டிச் சீராக்கிக் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் உயரவில்லை.

"நாலு நாள் கடையைப் பூட்டிட்டு நடிச்சேன். அதைச் சொல்லல. என் பொண்ணு கூடப் படிக்கறவங்க ஒன்பது பேரைக் கூட்டிட்டுப் போனா. அந்த டொய்ங் வந்ததும் எல்லாம் சிரிச்சுதுங்களாம். என் பொண்ணும் சிரிச்சிருக்கா. என் நடிப்புக்கு இல்ல, அந்தச் சத்தத்துக்கு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தாள். அதைச் சொன்னால் அவர் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

மெஷினின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த கார்பன் இடத்தை எடுக்க முடியுமா?" என்றார்.

"முடியும்."

"இப்பவே?"

மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். அவர் பின்னால் நின்றார். 'உட்கார்ந்திருத்தல்' என்று எழுதி முடித்துப் பேனா நிமிர்கிற இடத்தில் நிறுத்தினாள்.

"இங்கயா?"

"கொஞ்சம் முன்னாடி. நான் தலையைத் தூக்கறதுக்குள்ள."

எட்டு ஃபிரேம் பின்னால் போனாள். வெட்டினாள். அடுத்த துண்டைக் கொண்டுவந்து சேர்த்தாள். ஜெனரேட்டர் சத்தம் அந்த இடத்தில் எகிறியது. பக்கத்திலிருந்து ஒரு சத்தத் துணுக்கை எடுத்து மேலே போர்த்தினாள். ஓட்டிப் பார்த்தார்கள்.

"பரவாயில்ல" என்றார். "அந்தக் கையெழுத்துக்கு நீட்டறதைத் தொடாதீங்க."

"தொடமாட்டேன்."

ஆறு நிமிடம் இருபது வினாடி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எங்கே சிரிப்பார்கள், எங்கே நிறுத்திக்கொள்வார்கள் என்பது மறுபடி தெரிந்தது.

"இதை இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டுப் போறீங்களாம்மா?" என்று மனைவி கேட்டார்.

போடக் கூடாது. ஒரு துண்டு கூட வெளியே கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். பென் டிரைவில் ஏற்றி அந்தப் பழைய கம்ப்யூட்டரில் செருகினாள். இன்னும் ஒன்பது நிமிடம் என்று காட்டியது. அதுவரை சும்மா உட்கார முடியவில்லை. பக்கத்தில் பின் அடிக்காத தாள்கட்டு ஒன்று கிடந்தது. ஸ்டேப்ளரை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள்.

"மூலையில ஒண்ணு போதும்மா" என்றார் மனைவி. "பொண்ணு அஞ்சு மணிக்கு வந்துடுவா. இருந்து பார்த்துட்டுப் போங்களேன்."

"இல்லம்மா. போகணும்."

கடைக்காரர் படியிறங்கி வாசல் வரை வந்தார். கைகூப்பவில்லை, கோபமாகவும் இல்லை. "உங்க முதுகுக்கு ஏதாவது பாருங்க. உக்கார்ற விதத்துலயே தெரியுது" என்றார்.

"பார்க்கணும்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. லேப்டாப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமை ஒரு டிவி தொடர் ஆரம்பம், வாரத்துக்கு ஐந்து பகுதி. அதை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். கண்டக்டர் தோளில் தட்டி எழுப்பியபோது இறங்க வேண்டிய இடம் இரண்டு நிறுத்தம் பின்னால் போயிருந்தது. இறங்கி, பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.